‘சாரி’ என்ற சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

அப்பா காலமான வாரம், வெளிநாட்டிலிருந்த என் மேலாளர் போனில் அழைத்து “ஐ ஆம் ஸோ சாரி” என்றார். நான் “இட்ஸ் ஓகே, நாட் யுவர் மிஸ்டேக்” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மனுஷன் துக்கம் விசாரித்திருக்கிறார், நானோ மன்னித்து அனுப்பியிருக்கிறேன். பள்ளியில் சாரி என்றால் மன்னிப்பு என்று ஒரே வரியில் படித்ததால் வந்த வினை. உங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: வேரைப் பிடியுங்கள்

பழைய ஆங்கிலத்தில் வலிக்கு, புண்ணுக்கு ‘ஸார்’ என்று பெயர். தொண்டைப் புண்ணைச் ‘சோர் த்ரோட்’ என்கிறார்களே, அந்தச் சோரும் நம் சாரியும் ஒரே வேரில் கிளைத்தவை. (துயரம் என்று பொருள்படும் ‘சாரோ’ பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேறு வேர்.) ஆக, “ஐ ஆம் சாரி” என்றால் அடிப்படையில் “எனக்கு மனசு நோகிறது”. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

படி 2: தவறு யாருடையது என்று பாருங்கள்

சொல்பவர் செய்த தவறால் வந்த நோவு என்றால் அது மன்னிப்பு. “இட்ஸ் ஓகே” என்று பதில் சொல்லலாம். சாவு, நோய், வேலை போனது போன்ற சேதி கேட்டுச் சொன்னால் அது ஆறுதல். அதற்கு “தேங்க் யூ” போதும். நான் அன்று சொல்லியிருக்க வேண்டியதும் அந்த ஒரு சொல்தான்.

படி 3: பின்னால் ஒட்டும் சொல்லைக் கவனியுங்கள்

நடந்து முடிந்ததற்கு “சாரி ஃபார் பீயிங் லேட்”. இப்போது செய்யப்போவதற்கு “சாரி டு டிஸ்டர்ப் யூ”. கெட்ட சேதி கேட்டால் “சாரி டு ஹியர் தட்”. சாவு வீட்டில் “ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்”.

“ஐ ஃபீல் சாரி ஃபார் ஹிம்” என்றால் நம் ஊர் “பாவம் அவர்”. இதையே ஒருவர் முகத்துக்கு நேரே “ஐ ஃபீல் சாரி ஃபார் யூ” என்று சொல்லிவிடாதீர்கள். பல நேரம் அது ஏளனமாகப் போய் விழும்.

படி 4: குரலை ஏற்றி இறக்கிப் பாருங்கள்

கடைசியில் குரலை உயர்த்தி “சாரி?” என்றால் “என்ன சொன்னீங்க?” என்று கேட்பது. பிரிட்டனில் இது நாள் முழுக்கக் காதில் விழும். “சாரி, பட்...” என்று ஆரம்பித்தால் மறுத்துப் பேசப்போகிறார் என்று அர்த்தம். அப்புறம், “எ சாரி ஸ்டேட்” என்றால் பரிதாபமான நிலை.

படி 5: இரண்டு பொருளும் மோதிய இடத்தைப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகளாகப் பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து அரசே பிரித்துக்கொண்டு போனது. 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் ‘ரிக்ரெட்’ என்ற சொல்லோடு, அதாவது வருத்தத்தோடு, நிறுத்திக்கொண்டார். முந்தைய தலைமுறையின் செயலுக்கு இன்றிருப்பவர்கள் பழி ஏற்க முடியாது என்பது அவர் வாதம். பறிகொடுத்த மக்களுக்கு அது போதவில்லை. அவர்கள் காத்திருந்தது சாரிக்கு. 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் “வீ சே சாரி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பலர் அழுதார்கள். வருத்தத்தை யாரும் தெரிவிக்கலாம், தவறை ஏற்றுக்கொண்டவர் வாயிலிருந்துதான் அந்தச் சாரி வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்காக 2009இல் சட்டமே போட்டார்கள். விபத்துக்குப் பிறகு ஒருவர் சாரி சொன்னார் என்பதற்காக, உரிமையியல் வழக்கில் அதையே தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அது. ஆறுதலா, ஒப்புதலா என்று வழக்கு மன்றத்திலேயே குழம்பக்கூடிய சொல் என்றால் நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 6: வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்

போனில் பதிவு செய்துகொண்டு மூன்று விதமாகச் சொல்லுங்கள்: காலை மிதித்துவிட்டுச் சட்டென்று ஒரு “சாரி!”, காதில் விழாதபோது “சாரி?”, சாவுச் சேதி கேட்டு நிதானமாக “ஐ ஆம் ஸோ சாரி”. மூன்றாவதில் அவசரமே கூடாது. சொன்ன பிறகு எதையும் சேர்க்காமல், எதிரில் இருப்பவர் பேசும்வரை காத்திருங்கள்.