முடிச்சு நிற்காத கயிறு: டைனீமாவில் கண்ணி போடும் முறை

பாரம் இழுக்கும் விஞ்ச் எந்திரத்தில் இருந்த வயர் ரோப்பைக் கழற்றிவிட்டு டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு சுற்றியதும் பலர் செய்கிற முதல் காரியம், அதன் முனையில் முடிச்சுப் போட்டுக் கொக்கியை மாட்டுவதுதான். 10 மி.மீ. கயிறு ஏறத்தாழ 9 டன் வரை தாங்கும் என்று வாங்கியிருப்பார்கள். முடிச்சு விழுந்த இடத்தில் அதில் பாதிகூட மிஞ்சாது. பல முடிச்சுகளில் கயிறு அறுவதற்கு முன்பே முனை உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். இந்தக் கயிற்றுக்கு முனை கட்ட ஒரே உருப்படியான வழி, முனையை மடக்கி அதே கயிற்றின் வயிற்றுக்குள் புதைத்துக் கண்ணி போடுவது. ஸ்ப்ளைஸ் என்பார்கள். முதல் தடவை ஒரு மணி நேரம் பிடிக்கும், கை பழகினால் இருபது நிமிடம்.

ஏன் இப்படி வழுக்குகிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற விதிகளெல்லாம் தானாகப் புரியும். இது கேரி பேக்கில் இருக்கும் அதே பாலிஎத்திலீன்தான். ஆனால் மூலக்கூறு ஒவ்வொன்றும் பல மடங்கு நீளம். அவ்வளவு நீளச் சங்கிலிகள் இடியாப்பம் போலச் சிக்கிக் கிடப்பதால் உருக்கி இழையாக இழுக்க முடியாது. நெதர்லாந்தின் கெலீன் நகரில், டிஎஸ்எம் நிறுவன ஆய்வகத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் 1970களின் கடைசியில் இதற்கு வழி கண்டார்கள். பாலிமரை டெக்கலின் என்ற கரைப்பானில் ஒரு சில சதவீதம் மட்டும் கரைத்தால் சிக்கல் தளர்கிறது. அந்தக் கரைசலை இழையாகப் பிழிந்து, குளிர்வித்து, ஜெல்லாக்கி, பிறகு சூட்டில் பல பத்து மடங்கு நீட்டினால் சங்கிலிகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கொள்கின்றன. 1990இல் ஹேர்லன் நகரில் ஆலை உற்பத்தி தொடங்கியது. அமெரிக்காவில் இதே வகை இழை ஸ்பெக்ட்ரா என்ற பெயரில் வந்தது.

இழுக்கும் திசையில் பலம் எல்லாம் சேர்ந்துவிட்டது. பக்கத்துச் சங்கிலியோடு பிடிப்பு மட்டும் மிகக் குறைவு. வழுக்குவது அதனால்தான். சுமார் 145 டிகிரி செல்சியஸில் உருகுவதும், பாரம் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போவதும் அதனால்தான்.

பலமான இழை என்றதும் நினைவுக்கு வரும் கெவ்லார் வேறு ஜாதி, அராமிட் என்ற வகை. 1965இல் டூபாண்ட் நிறுவனத்தின் வில்மிங்டன் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் செய்த கரைசல் தண்ணீர் போல, கலங்கலாக இருந்தது. நூற்பு எந்திரத்தின் துளை அடைத்துக்கொள்ளும் என்று அதை இயக்கியவர் முதலில் நூற்கவே மறுத்தார். அந்தக் கலங்கல்தான் விஷயமே: விறைப்பான மூலக்கூறுகள் கரைசலிலேயே வரிசை கட்டி நின்றிருந்தன. கெவ்லார் உருகாது, 400 டிகிரிக்கு மேல்தான் கருகத் தொடங்கும். ஆனால் வெயில் படப்படப் பலம் குறையும், திரும்பத் திரும்ப மடங்கினால் உள்ளே அறுபடும், தண்ணீரில் மூழ்கும்.

எனவே தேர்வு இப்படிப் போகும். சூடான எந்திரத்துக்கு அருகே, பிரேக் டிரம்முக்குப் பக்கத்தில் அராமிட். தண்ணீரிலும் விஞ்ச்சிலும் தூக்கும் ஸ்லிங்கிலும் டைனீமா வகை. குலுக்கலும் அதிர்ச்சியும் வரும் இடத்தில் இரண்டும் வேண்டாம். டைனீமா இழை அறுவதற்குள் 3.5 சதவீதம்தான் நீளும், நைலான் கயிறு 20 சதவீதத்துக்கு மேல் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். படகை நங்கூரத்தில் கட்டும்போது நடுவே சில மீட்டராவது நைலான் இருப்பது நல்லது. மலையேறுபவர் விழுந்தால் தாங்க வேண்டிய கயிற்றுக்கு டைனீமா கூடவே கூடாது. பலப் பட்டியலில் முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சைலான் என்ற இழை சாட்சி. இழை பலத்தில் இவை இரண்டையும் மிஞ்சியது. ஈரத்திலும் வெளிச்சத்திலும் அது பலம் இழப்பது தெரிந்தபின், 2005இல் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பு சைலான் குண்டு துளைக்காத அங்கிகளுக்குத் தந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது.

கையில் இருப்பது அசல்தானா?

தண்ணீரில் மிதக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சாதாரண பாலிப்ரொப்பிலீன் கயிறும் மிதக்கும். ஒரு சிறு நூல் கொத்தைப் பிரித்து வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிப் பாருங்கள். டைனீமா அலகுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நழுவி, கத்தரிக்கோலை விரிய வைக்கும். தீக்குச்சி காட்டினால் சுருங்கி உருகி, அணைந்த மெழுகுவத்தி வாசம் அடிக்கும். பாலியெஸ்டர் கரும்புகையோடு உருண்டையாகும், கெவ்லார் உருகாமல் கருகி, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். நூலை விரலில் சுற்றி இழுத்து அறுக்க முயலாதீர்கள். அறுவது விரலாக இருக்கும்.

கண்ணி போடுவது

இங்கே சொல்வது 12 புரி கொண்ட, உள்ளே வேறு கயிறு இல்லாத வெற்றுப் பின்னல் கயிற்றுக்கு மட்டும். மேலுறை போட்ட கயிற்றுக்கும் முப்புரிக் கயிற்றுக்கும் முறை வேறு. 10 மி.மீ. கயிறு என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன்.

தேவையானவை: ரம்பப் பல் உள்ள அராமிட் கத்தரிக்கோல் (இல்லையென்றால் புது பிளேடும் மரக்கட்டையும்), ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டாக மடக்கிய மெல்லிய ஸ்டீல் கம்பி, மார்க்கர், டேப், அளவு நாடா, ஊசி, அதே இழையில் நூல், திம்பிள் (கண்ணி தேயாமல் உள்ளே வைக்கும் வளையம்).

புதைக்கும் நீளம் கயிற்றின் விட்டத்தைப் போல 72 மடங்கு. 10 மி.மீ.க்கு 72 செ.மீ. இவ்வளவா என்று தோன்றும், குறைக்காதீர்கள். முடிச்சே நிற்காத கயிறு இது. வெளிக்கூடு உள்ளே இருக்கும் வாலை, அதாவது புதைத்த முனையை, நெருக்குகிற நெருக்கத்தில்தான் எல்லாம் நிற்கிறது. வழுக்கும் பொருளுக்கு அந்த நெருக்கம் நீளமாக வேண்டும். பாலியெஸ்டர் கயிற்றுக்குச் சொன்ன கணக்கை இதற்குப் போட்டால் வால் வெளியே வந்துவிடும்.

முனையை டேப்பால் சுற்றி, 72 செ.மீ. தள்ளி ‘அ’ என்று குறியுங்கள். திம்பிளைச் சுற்றி வைத்து அளந்த நீளத்தை, 20 செ.மீ. என்று கொள்வோம், அதற்கு அப்பால் விட்டு ‘ஆ’. அங்கிருந்து இன்னும் 90 செ.மீ. தள்ளி ‘இ’. திம்பிள் இல்லாமல் நேரே உலோக முளையில் மாட்டுவதானால் முளை கயிற்றைவிட மெலிதாக இருக்கக் கூடாது, கண்ணியின் நீளம் முளையின் விட்டத்தில் மூன்று மடங்காவது வேண்டும். குட்டைக் கண்ணி, வால் கயிற்றுக்குள் நுழைகிற இடமான கழுத்தைக் கிழிக்கும்.

அடுத்து வாலைக் கூராக்க வேண்டும். பலர் தாண்டிப்போகும் வேலை இது. பின்னலில் ஆறு புரி வலப்புறமும் ஆறு இடப்புறமும் ஓடுவது தெரியும். முனையிலிருந்து 24 செ.மீ. தூரத்தில் ஒரு வலப்புரி, ஒரு இடப்புரி வெட்டி, வெட்டிய துண்டை முனைப் பக்கமாக உருவி எடுங்கள். 19, 14, 9 செ.மீ.களிலும் அப்படியே. கடைசியில் நாலு புரி மிஞ்சும், அவற்றையும் ஒன்றுக்கொன்று முன்பின்னாக வெட்டிவிடுங்கள். மொட்டையாக விட்டால் வால் முடிகிற இடத்தில் கயிறு திடீரென்று மெலியும். சோதனையில் இழுத்தால் அறுவது பெரும்பாலும் அந்தப் படியில்தான். முனையைச் சூடு வைத்து உருக்கவும் கூடாது, கட்டியாகி உள்ளே உறுத்தும்.

‘ஆ’வுக்கும் ‘இ’க்கும் நடுவே கயிற்றை இரண்டு பக்கமிருந்தும் தள்ளிக் கூட்டுங்கள். பின்னல் தளர்ந்து குழாய் போல ஊதும். மடக்கிய கம்பியை ‘இ’யில் நுழைத்து, நடுவோடு ஓட்டி, ‘ஆ’வில் வெளியே எடுங்கள். கம்பி எந்தப் புரியையும் குத்திக்கொண்டு போகக் கூடாது. இடையில் உறுத்தினால் பின்னால் இழுத்து மறுபடி விடுங்கள். வாலைக் கம்பி மடிப்பில் கோத்து, டேப் சுற்றி, முறுக்கு விழாமல் பார்த்து, ‘அ’ குறி ‘ஆ’வைத் தொடும்வரை இழுங்கள். திம்பிளை அதற்கு முன்பே கண்ணிக்குள் வைத்துவிட வேண்டும்.

இப்போது வால் ‘இ’யில் துருத்திக்கொண்டு நிற்கும். டேப்பை எடுத்துவிட்டு, கழுத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் மாட்டு மடியைக் கறப்பது போலக் கழுத்திலிருந்து ‘இ’யை நோக்கி உருவுங்கள். வெளிக்கூடு நீள நீள வால் உள்ளே மறையும். நாலைந்து தடவை உருவுங்கள். கூட்டில் தொளதொளப்பு மிஞ்சினால் அது வாலை நெருக்காது.

கடைசியில் தையல். கழுத்திலிருந்து 3 செ.மீ. விட்டு, கயிற்றைக் குறுக்கே துளைத்து ஏழெட்டுத் தையல் போட்டு, கயிற்றைக் கால்வட்டம் திருப்பி அதே வழியில் திரும்பி வாருங்கள். இறுக்க வேண்டாம். தையல் பாரம் தாங்குவதில்லை. கயிறு தளர்ந்து ஆடும்போது வால் நகராமல் பார்ப்பது மட்டுமே அதன் வேலை. பிரம்மல் பூட்டு (வாலும் கயிறும் ஒன்றையொன்று ஊடுருவிக் கோத்துக்கொள்வது) போட்டவர்களும் இதை மறக்க வேண்டாம்: பூட்டும் வால் நகராமல் இருக்கத்தான், பாரம் முழுவதும் புதைந்த 72 செ.மீ.யில்தான் நிற்கிறது.

வேலைக்கு எடுக்குமுன் ஏறத்தாழ 1 டன் பாரத்தை மூன்று நான்கு தடவை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ‘அ’ குறி கழுத்திலிருந்து நகர்ந்திருந்தால் பிரித்து மறுபடி போட வேண்டியதுதான்.

மாட்டிய பிறகு

பழைய வயர் ரோப் ஓடிய கப்பியில் இதை அப்படியே ஓட விடாதீர்கள். அறுந்த கம்பிகள் காடியில் கீறல் போட்டிருக்கும். நகத்தை ஓட்டிப் பாருங்கள், மாட்டினால் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். கப்பியின் விட்டம் கயிற்றில் எட்டு மடங்காவது வேண்டும். சுழலும் டிரம்மில் பாரத்தோடு கயிற்றை வழுக்க விடுவது இன்னும் மோசம். 70 டிகிரியைத் தாண்டினாலே பலம் சரியத் தொடங்கும், உராய்வு அந்தச் சூட்டை நொடியில் கொண்டுவரும்.

கொஞ்ச நாளில் மேலே பூனை மயிர் போலப் பஞ்சு கிளம்பும். பயப்பட வேண்டாம், அது அடியில் உள்ள இழையைக் காக்கும். கண்ணாடி போலப் பளபளத்து விறைத்த இடம் வேறு கதை. அதை வளைத்து வளைத்துப் பாருங்கள்: இளகினால் வெறும் அழுத்தத்தில் படிந்தது, இளகவில்லையென்றால் உருகியது. உருகிய இடத்தை வெட்டி எறியுங்கள். புரிகள் தேய்ந்து கயிற்றின் பருமன் கால்வாசி குறைந்தாலும், பின்னலைப் பிரித்துப் பார்க்கையில் உள்ளே தூள் தட்டினாலும் அதேதான்.

பழைய கண்ணியை வெட்டிப் புதிது போட்டால் கயிறு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 1.7 மீட்டர் குட்டையாகும். வாங்கும்போதே நாலு மீட்டர் கூட்டி வாங்கிவிட்டால் இரண்டு தடவை தாக்குப்பிடிக்கலாம்.