மறுசீரமைப்புக் காலம்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க வரலாற்றுத் தாளில் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு (தோற்ற தென் மாநிலங்களை மறுபடி நாட்டோடு சேர்த்த காலம்) பற்றி ஒரு பெரிய கேள்வி எப்படியும் வந்துவிடும். திருத்த உட்கார்ந்தால் கட்டுக் கட்டாக ஒரே பதில். நான் எம்.ஏ. படித்த நாளில் எழுதிய வரிகளே இன்னும் உயிரோடு உலவுகின்றன. தென் படைத்தளபதி லீ சரணடைந்த தேதியைத் தப்பாகப் போடுவது, லிங்கன் செய்ததை ஜான்சன் கணக்கில் எழுதுவது, 13, 14, 15-ஆம் சட்டத் திருத்தங்களை (அடிமைமுறை ஒழிப்பு, குடியுரிமை, வாக்குரிமை) முன்பின்னாக மாற்றுவது எல்லாம் இங்கே வேண்டாம். பாடப்புத்தகத்தை ஒரு முறை புரட்டினால் அவை சரியாகிவிடும். நன்றாகப் படித்துவிட்டு வருகிறவர்களே செய்கிற தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன்.

‘1863 பிரகடனத்தோடு அடிமைமுறை ஒழிந்தது’

கிளர்ச்சியில் சேராத அடிமை மாநிலங்களான கென்டக்கியிலும் டெலவேரிலும் ஒழியவில்லை. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும். இந்த இரண்டு மாநிலங்களில் 1865 டிசம்பரில் 13-ஆம் திருத்தம் வந்துதான் விடுதலை.

‘40 ஏக்கர் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை’

விடுதலையான அடிமைகளுக்கு நிலம் தருவதைப் பற்றிய இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏதோ ஒரு கைடில் வந்து, ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாகப் பரவி, இன்று பாதிப் பேர் மனப்பாடமாக எழுதுகிறார்கள். ஒரு மாணவர் என்னிடமே வாதாடினார்: “சார், கொடுக்கவே இல்லையே, அப்புறம் எப்படிப் பறிக்க முடியும்?” கொடுத்தார்கள், தம்பி. கொடுத்துத்தான் பறித்தார்கள்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 1865 ஜனவரி 12 அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் 20 கறுப்பினச் சமயத் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃபிரேசியர் என்ற 67 வயது போதகர். உங்கள் பிழைப்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, நிலம் வேண்டும், எங்கள் உழைப்பில் நாங்களே உழுது கொள்வோம் என்றார். நான்கே நாளில் ஷெர்மனின் 15-ஆம் களச் சிறப்பு ஆணை வந்தது. தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் முதல் ஃபுளோரிடா வரை கடலோரத் தீவுகளும், கைவிடப்பட்ட நெல்வயல்களும் ஒதுக்கப்பட்டன. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். இரக்கம் பொங்கி ஷெர்மன் இதைச் செய்யவில்லை. படைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் நடந்து வந்த அகதிகளை எங்காவது குடியமர்த்தியாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு. எப்படியோ, அந்த ஜூன் மாதத்துக்குள் ஏறத்தாழ 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறிப் பயிர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் கையில் இருந்தது அனுபோக உரிமைச் சீட்டு. பட்டா இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை நம்மூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

லிங்கன் கொல்லப்பட்ட பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் மே 29 அன்று பொதுமன்னிப்பு அறிவித்தார். விசுவாசப் பிரமாணம் எடுத்தால் அடிமைகள் நீங்கலாக மற்ற சொத்து திரும்பக் கிடைக்கும். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர் போன்ற சில பிரிவினர் மட்டும் அதிபரிடம் நேராக மனுப் போட வேண்டும். மனுக்கள் குவிந்தன, மன்னிப்புகளும் தாராளமாகக் கிடைத்தன. விடுதலை பெற்றோர் நலத்துறையின் தலைவர் ஓ.ஓ. ஹோவர்ட் ஜூலையில் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சுற்றறிக்கை விட்டார். செப்டம்பரில் அதையே ரத்து செய்யும் சுற்றறிக்கையை அவர் பெயரிலேயே விட வைத்தார் ஜான்சன்.

அக்டோபரில் தெற்குக் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போய், நிலத்தைப் பழைய முதலாளிகளிடம் விட்டுவிடுங்கள், அவர்களை மன்னித்து ஒப்பந்தம் போட்டு வேலை செய்யுங்கள் என்று சொல்லும் வேலையும் ஹோவர்ட் தலையில்தான் விழுந்தது. போரில் வலது கையை இழந்தவர் அவர். தீவு மக்களின் குழு அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதன் சாரம் இது: நீங்கள் இழந்தது ஒரு கை, உங்களால் மன்னிக்க முடியலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவன், என் தாயையும் உடன்பிறந்தவளையும் துணி உரிந்து அடித்தவன், அவன் சொன்ன கூலிக்கு அவன் நிலத்தில் பாடுபட்டாலொழியக் காலிக் குடிசையில்கூட என்னைத் தங்கவிடாதவன், சொந்த நிலம் இருந்தால் அவன் பக்கமே நான் போகமாட்டேன் என்று தெரிந்து, எனக்கு நிலம் கிடைக்காமல் மற்றவர்களோடு கூட்டுச் சேர்ந்தவன். அவனை என்னால் மன்னிக்க முடியாது.

கடைசி வாக்கியத்துக்கு முந்தைய காரணத்தைக் கவனியுங்கள். மறுசீரமைப்புக் காலத்தின் பொருளாதாரம் முழுவதும் அதில் இருக்கிறது. நிலம் கையில் இருந்தால் கூலியைப் பேரம் பேசலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். எழுத்தறியாமை பற்றியும் வறுமை பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

நிலத்தைப் பிடுங்க மறுத்த அதிகாரி ரூஃபஸ் சாக்ஸ்டன் 1866 ஜனவரியில் நீக்கப்பட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்களைப் படைவீரர்கள் வெளியேற்றினார்கள்.

‘தரவில்லை’ என்று எழுதிவிட்டால் பின்னால் வரும் எல்லாமே சாய்ந்துவிடும். அடுத்த பத்தியில் ‘நிலமில்லாததால் வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு கொடுத்து) உழுதனர்’ என்று எழுதுவீர்கள், மழை பெய்யாததால் பயிர் காய்ந்தது என்பதுபோல. யார் முடிவெடுத்தார் என்பது காணாமல் போய்விடும். வாரமுறையோடு ஒட்டி வந்தது கடைக்காரர் கடன்: விதையும் மாவும் கடனுக்கு, விளையப் போகும் பருத்தி ஈடு, கணக்கு நோட்டு அவர் கையில். அறுவடை வரும்போதே அடுத்த ஆண்டுக் கடனும் சேர்ந்து வரும்.

1866-இன் தெற்கத்திய வீட்டுமனைச் சட்டத்தைக் காட்டி, பிறகு நிலம் கொடுத்தார்களே என்று சிலர் சமாளிக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் கிடைத்த பொதுநிலத்தில் பெரும்பகுதி காடும் சதுப்பும். கலப்பை வாங்கக் காசில்லாதவருக்கு அதனால் என்ன லாபம்? 1876-இல் அதுவும் போனது.

இனி எழுதும்போது குறைந்தது இந்த மூன்றும் இருக்கட்டும்: ஷெர்மன் ஆணை, ஜான்சன் மன்னிப்பு, எடிஸ்டோ.

13-ஆம் திருத்தத்தை முழுசாகப் படிக்காதது

குற்றத்துக்கான தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்புக்கு அதில் விலக்கு உண்டு. மிசிசிப்பி 1865 நவம்பரிலேயே வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவரை ‘நாடோடி’ என்று பிடித்து அபராதம் போடச் சட்டம் இயற்றியது. கட்ட முடியாதவரை, அபராதத்தைக் கட்டும் முதலாளியிடம் வேலைக்கு விட்டார்கள்.

‘தெற்கில் கறுப்பினத்தவர் ஆட்சி’

எந்த மாநிலத்திலும் ஒரு கறுப்பின ஆளுநர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. லூசியானாவில் பிஞ்ச்பேக் இருந்தது சில வாரம், அதுவும் பொறுப்பு ஆளுநராக. தெற்குக் கரோலினாவின் கீழவையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை பெற்றது உண்மை. அதை வைத்துத் தெற்கு முழுவதையும் எழுதாதீர்கள்.

‘கு கிளக்ஸ் கிளானை யாராலும் அடக்க முடியவில்லை’

கறுப்பினத்தவரைத் தாக்கி மிரட்டிய இந்த வெள்ளையர் இரகசியக் கும்பலை அடக்கினார்கள். 1871-இல் அதிபர் கிராண்ட் தெற்குக் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்துப் படையை அனுப்பினார். கைதுக்குப் பயந்து பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். முடியாமல் போனது பிறகுதான். 1873 ஏப்ரல் 13 அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதக் கும்பல் கொன்றது; சரணடைந்தவர்களையும் விடவில்லை. தண்டனை பெற்றது மூன்றே பேர். 14-ஆம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிநபர்களை அல்ல என்று சொல்லி 1876-இல் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளுபடி செய்தது. கிளானைப் பற்றி எழுதும்போது இந்தத் தீர்ப்பைச் சேர்க்காதவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவதில்லை.

‘1877-இல் எல்லாம் முடிந்தது’

அந்த ஏப்ரலில் தெற்குக் கரோலினாவின் கொலம்பியா, லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் ஆட்சி மாளிகைகளைக் காத்து நின்ற மத்திய அரசுப் படைகள் முகாமுக்குத் திரும்பின. வாக்குரிமை அன்றே போய்விடவில்லை. லூசியானாவில் 1896-இல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். 1898-இல் புதிய மாநில அரசியலமைப்பு வந்தது: எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது சொத்து இருக்க வேண்டும், 1867-க்கு முன் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ வாக்குரிமை இருந்திருந்தால் இரண்டும் தேவையில்லை. 1904-இல் பதிவில் மிஞ்சியவர்கள் 1,342. ஆகவே 1877-ஐ எழுதுகிறவர்கள் கூடவே 1898-ஐயும் எழுதுங்கள், எந்த மாநிலம் என்பதையும் சேர்த்து.