கிளை நூலகத்தில் மழைக் கதை நேரம்

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 30 நிமிடம் போதும். 'இயற்கை' என்று பெரிதாகத் தலைப்பு வைத்தால் எதுவும் ஒட்டாது. 'மழை' என்று சுருக்குங்கள். இரண்டு கதை, நடுவே மழைச் சத்தம், கடைசியில் காகிதக் கப்பல். நீளமான கதையை முதலில் வாசித்துவிடுங்கள், போகப்போக நெளிய ஆரம்பித்துவிடுவார்கள்.

மழைக்கு உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டல், பிறகு இரண்டு, நான்கு, ஐந்து. இடிக்குத் தொடையில் அடி. அதே வரிசையில் பின்னோக்கி ஒரு விரலுக்கு இறங்கினால் அறை தானாக அடங்கும். 'உஷ்' தேவையில்லை.

பெற்றோரைச் சுவரோர நாற்காலியில் விட்டால் செல்போன் வெளியே வந்துவிடும். ஜமுக்காளத்தில் பிள்ளைக்குப் பின்னாலேயே உட்கார வையுங்கள். கப்பல் தாளில் முதல் மடிப்பை முன்பே போட்டு வையுங்கள். மிதக்கவிட அகலமான பேசினில் 2 அங்குலத் தண்ணீர், வராந்தாவில் மட்டும்.