சம்பளம் கூடிய மாதமே இஎஸ்ஐ-யை நிறுத்தாதீர்கள்

சம்பளப் பட்டியல் போட வந்த புதுப் பையன் போன வாரம் தன் எக்செல் ஷீட்டைக் காட்டினான். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டத்தில் ஒரு ஃபார்முலா: சம்பளம் இஎஸ்ஐ வரம்பான 21,000-ஐத் தாண்டினால் பிடித்தம் பூஜ்யம். 2022-இல் நான் போட்ட அதே ஃபார்முலா! பெயரில் எழுத்துப் பிழை, வங்கிக் கணக்கு எண் தவறு எல்லாம் அவனே இரண்டு மாதத்தில் கற்றுக்கொள்வான். இதை மட்டும் உட்கார வைத்துச் சொன்னேன்.

மே மாத உயர்வு

அந்த வருஷம் எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒருவருக்கு மே மாதம் சம்பளம் 20,500-இலிருந்து 22,000 ஆனது. வரம்பைத் தாண்டிவிட்டாரே என்று அந்த மாதமே பிடித்தத்தை நிறுத்தினேன். மாதம் 165 ரூபாய் மிச்சம் என்று அவருக்கும் சந்தோஷம்.

விதி அப்படியில்லை. இஎஸ்ஐ-க்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை முழுச் சம்பளத்துக்கும் கட்டியாக வேண்டும்: தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். அக்டோபரில்தான் அவர் வெளியே போகிறார். ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி–ஜூனில் கிடைக்கும்.

பிப்ரவரியில் அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன், ஆறு வாரம் ஓய்வு. நோய்க்கால உதவித்தொகைக்கு அந்தப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது கட்டியிருக்க வேண்டும். அவர் கணக்கில் இருந்தது ஏப்ரல் மாதம் மட்டும். சம்பளத்தில் 70 சதவீதம் என்று ஏறக்குறைய 20,000 ரூபாய் வந்திருக்கும். வரவில்லை. ஆபரேஷனும் கைக்காசில். அப்புறம் நாங்கள் பாக்கியை வட்டியோடு கட்டியது தனிக்கதை. 165 ரூபாயை மிச்சம் பிடித்த கெட்டிக்காரன் என்று என்னை நானே இன்றும் திட்டிக்கொள்கிறேன்.

அதனால் ஷீட்டில் ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிச் சம்பளத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள். பிடித்தம் உண்டா இல்லையா என்பதை அந்தக் கட்டம் சொல்லட்டும், நடப்பு மாதச் சம்பளம் அல்ல.

வேலை மாறினால் பிஎஃப்

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுக்கச் சொல்லாதீர்கள், புது கம்பெனிக்கு மாற்றச் சொல்லுங்கள். பத்து வருஷ சர்வீஸ் சேராமல் மாத ஓய்வூதியம் இல்லை.

கல்யாணம்

பிஎஃப் நாமினியை அந்த வாரமே புதுப்பிக்க வேண்டும்.

குழந்தை

இஎஸ்ஐ-யில் குடும்ப விவரத்தில் சேர்த்தாயிற்றா? மருந்தகத்துக்குப் போகும் முன் பாருங்கள்.