நார்வேயின் ‘பிரெஸ்ட்’: வேரைப் பிடிக்கும் வழி

ராயபுரம், பெரம்பூர் பக்கம் சி.எஸ்.ஐ. ஆலயப் பலகையில் ‘பிரஸ்பிட்டர்’ என்றிருந்தால் பாதி வேலை முடிந்தது. நார்வேக்காரர்கள் பாதிரியாரைச் சொல்லும் ‘பிரெஸ்ட்’டும் அதே கிரேக்க ‘பிரெஸ்பிட்டெரோஸ்’தான், பொருள் மூப்பர். அகராதியில் முதலில் பழைய நார்ஸ் (நார்வே மொழியின் மூதாதை) வடிவத்தைப் பாருங்கள்: ‘பிரெஸ்ட்ர்’. கடைசி ‘ர்’ வெறும் எழுவாய் விகுதி, கழித்துவிடுங்கள். பிறகு லத்தீன், அதற்கப்புறம் கிரேக்கம். இடையில் ஒரு படியைத் தாண்டினால் தடம் தப்பும்.

‘பிரோஸ்ட்’டில்தான் பலர் வழுக்குவார்கள். பல சபைகளை மேற்பார்க்கும் குருவுக்கான பட்டம் இது. ஒலி நெருக்கம், வேர் வேறு: லத்தீன் ‘பிரேபோசிட்டுஸ்’, அதாவது முன்னே வைக்கப்பட்டவர். ஜெர்மானியர் கோப்பையைத் தூக்கிச் சொல்லும் ‘புரோஸ்ட்’ லத்தீன் ‘புரோசிட்’டிலிருந்து வந்தது, அதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

பேராயரைச் சொல்லும் ‘பிஸ்கொப்’ சுலபம். கிரேக்க ‘எபிஸ்கொப்போஸ்’, தமிழ் வேதாகமத்தில் ‘கண்காணி’.