ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடைப் பாலத்தைப் பார்ப்பது எப்படி?

சேர்வராயன் மலையில் கொட்டுகிற மழை திருமணிமுத்தாற்றில் இறங்கிச் சேலத்துக்குள் வர ரொம்ப நேரம் எடுக்காது, அதனால் உங்கள் தெரு ஓடையில் இருக்கிற குழாய்ப் பாலத்தை (ரோட்டுக்கு அடியில் குழாய் வழியாகத் தண்ணீரை விடுகிற சின்னப் பாலம்) அது வறண்டு கிடக்கும்போதே போய்ப் பாருங்கள்.

முதலில் தண்ணீர் நுழைகிற வாய். தென்னை மட்டை, பிளாஸ்டிக் பை, பழைய பாய் எல்லாம் சிக்குவது அங்கேதான். ஒரு குச்சியை விட்டு வண்டலை அளந்துவிடுங்கள். மூன்றடி விட்டமுள்ள குழாயில் ஒன்றரை அடி மண் என்றால் பாதி வழி போச்சு, மிச்சத் தண்ணீர் மேல்பக்கம் தேங்கி ரோட்டிலோ வீட்டிலோ ஏறும். குழாயை மாற்றும்போது மூன்றடிக்குப் பதில் ஒன்றரை அடிக் குழாய் இரண்டு போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் சேர்ந்தாலும் தண்ணீர் போகப் பாதிப் பரப்புதான் கிடைக்கும்.

அப்புறம் கீழ்ப்பக்கம். குழாயிலிருந்து வேகமாக விழுகிற நீர் மண்ணை அரித்துவிடும். பாலத்துச் சுவருக்கு அடியில் கை நுழைகிற அளவு பொந்து இருந்தால் போட்டோ எடுத்து, உடனே மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கொடுங்கள்.

தூண் வைத்த பாலத்திலும் இதே கதைதான்: வழி குறுகும், வேகம் கூடும், தூணைச் சுற்றிப் பள்ளம் விழும். தடுப்பணை என்றால் மேல்பக்கம் வண்டல் சேரும், கீழ்ப்பக்கம் அரிப்பு.

வெள்ளம் ஓடும்போது அடைப்பெடுக்க மட்டும் இறங்கவே இறங்காதீர்கள், குழாய் வாய் ஆளையே இழுத்துவிடும்.