பிரிட்டன் மாணவர் விசா: வங்கி இருப்பை நிரூபிக்கும் முறை

பிரிட்டனில் படிக்க விண்ணப்பிக்கும் இந்திய மாணவர் காட்ட வேண்டிய தொகையில் இரண்டு பங்கு உண்டு: பல்கலைக்கழகம் வழங்கும் காஸ் (CAS) என்ற சேர்க்கை உறுதி ஆவணத்தில் குறித்துள்ள முதலாண்டுக் கட்டணத்தின் பாக்கி, வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் வாழ்க்கைச் செலவு லண்டனில் மாதத்துக்கு 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. படிப்பு எவ்வளவு நீண்டதாயினும் 9 மாதங்களுக்குக் காட்டினால் போதும் என்பதால், லண்டனுக்கு 13,761 பவுண்டும் பிற ஊர்களுக்கு 10,539 பவுண்டும் உச்ச அளவாகின்றன.

சிக்கல் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் வருகிறது. தேவையான முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28ஆம் நாள், இணையத்தில் விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் அமைய வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்து, மறுநாளே நிரப்பப்பட்டிருந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். ரூபாய்க் கணக்காக இருந்தால், விண்ணப்பத் தேதியன்று ஓண்டா (OANDA) என்ற நாணய மாற்று இணையதளம் காட்டும் மாற்று விகிதத்தில்தான் அது பவுண்டாகக் கணக்கிடப்படும். ஆகவே தேவைக்குச் சரியாகப் பணத்தை வைப்பது அபாயம், சில விழுக்காடு கூடுதலாக வைப்பதே விவேகம்.

பணம் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். தாய்மாமாவோ பெரியப்பாவோ உதவினால், அத்தொகையை மாணவர் கணக்குக்கு முன்கூட்டியே மாற்றி, அங்கிருந்து 28 நாளை எண்ண வேண்டும். நகைக்கடன், சீட்டுப் பணம் ஆகியவற்றுக்கும் இதே வழிதான். நிலம், தங்கம், பங்குகள், வருங்கால வைப்பு நிதி எதுவும் கணக்கில் சேராது. வேறு சில நாடுகளின் விசாவுக்காக ஆடிட்டரிடம் வாங்கும் சொத்து மதிப்புச் சான்றிதழுக்கு இங்கே வேலையே இல்லை.

வங்கிக் கல்விக் கடன் பெறுவோருக்கு 28 நாள் விதி பொருந்தாது. ஆனால் கடன் மாணவர் பெயரில் இருப்பதையும், பயணத்துக்கு முன் பணம் கிடைக்கும் என்பதையும் வங்கிக் கடிதம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடிதம் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பெற்றோர் கணக்கைக் காட்டுவோர், உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழையும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கும் பெற்றோரின் கடிதத்தையும் தயாராக வைத்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பழைய பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே பதிவாகியிருக்காது. அப்படியானால் 28 நாள் எண்ணிக்கையைத் தொடங்குவதற்கு முன்பே, பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்க்க வழி உண்டா என்று விசாரித்துவிடுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் அதனுடன் இணையுங்கள்.